எத்தனால் பெட்ரோலும் ஐப்பசி மழையும்

பங்க்கில் இப்போது கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இ20 என்று சொல்வது இதைத்தான். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து இதுபற்றி வந்த கடிதங்களில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து எங்கள் வண்டிப் பகுதிக் குழு பதில் தருகிறது.

மன்னார்குடி வாசகர்: 2011-இல் வாங்கிய 100 சிசி பைக். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 45-க்கு மேல் வருவதில்லை. எத்தனாலால் இவ்வளவு குறையுமா?

இவ்வளவு குறையாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பசக்தி இருக்கிறது, எத்தனாலில் 21-தான். அதனால் கலப்பில்லாத பெட்ரோலைவிட இ20-இல் 6 முதல் 7 சதவீதம் சக்தி குறைவு. ஆனால் 2022 ஜூனிலேயே நாட்டில் சராசரியாக 10 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. நீங்கள் கடைசியாக ஒப்பிடுவது அந்த இ10 பெட்ரோலோடு. அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதம். அந்தக் கணக்கில் 60 என்பது 58 ஆக வேண்டும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 20 லிட்டர் போன இடத்தில் 20.7 லிட்டர் போகும்.

உங்களுக்குக் குறைந்திருப்பது 25 சதவீதம். முதலில் அளவைச் சரியாக எடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் கழுத்தின் உள்விளிம்பு தொடும்வரை நிரப்பி, குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் அதே விளிம்புவரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ரிசர்வ் விழுந்த கணக்கு ஏமாற்றும்.

அப்படிப் பார்த்தும் 45 என்றால் சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்று தாராளமாக ஓடாமல் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்று, ஏர் ஃபில்டர், கிளட்ச் வழுக்கல் ஆகியவை அடுத்து. எத்தனாலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட காரணமும் ஒன்று உண்டு. புதுப் பெட்ரோலில் காலையில் வண்டி சட்டென்று பிடிக்காததால் பலர் சோக்கை இழுத்துவிட்டு, பாதி இழுத்தபடியே கடைத்தெருவரை போகிறார்கள். பெட்ரோல் அதில்தான் கரைகிறது. அதற்கான ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) வேலை கீழே திருவாரூர் வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

பாபநாசம் வாசகர்: பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். அடியில் நான் ஊற்றியதைவிட இரண்டு மடங்கு தண்ணீர் நிற்கிறது. பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களா?

நீங்கள் செய்தது தண்ணீர்ச் சோதனை அல்ல, எத்தனால் சோதனை. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரோடு ஒட்டுறவு அதிகம். தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலை விட்டு அதில் இறங்கிவிடும். அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்தால் அடியடுக்கு 40 மில்லிக்கு அருகில் நிற்கும். கூடிய 20 மில்லி எத்தனால். இ20 விற்கும் எந்த நேர்மையான பங்க்கிலும் இதுதான் வரும். இந்தச் சோதனையைக் காட்டிப் பங்க் ஊழியர்களோடு சண்டை போடும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய எதையும் ஊற்றாமல் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் கலந்ததுபோல் மங்கினாலோ, அடியில் தனிக்கோடு தெரிந்தாலோதான் குற்றம். அடர்த்திச் சோதனையும் 5 லிட்டர் அளவைச் சோதனையும் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

நாகப்பட்டினம் வாசகி: ஐப்பசி, கார்த்திகையில் ஸ்கூட்டரோ என் கணவரின் பைக்கோ ஒன்று மாற்றி ஒன்று நின்றுவிடுகிறது. கிளம்பும், நூறு அடி போகும், அணைந்துவிடும். மெக்கானிக் "எத்தனால்தான் காரணம்மா" என்கிறார். மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தால்தான் இந்தக் கோளாறு. டெல்டாவில் இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மைலேஜுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை மழைத்தண்ணீருக்குக் கொடுத்தால் போதும்.

பழைய பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் அடியில் முத்துமுத்தாக நின்றுவிடும். கார்புரேட்டர் பௌலைக் கழற்றி ஊற்றினால் தீர்ந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து மறைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லி வரை இ10 தாங்கும், இ20 அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். அந்த எல்லை தாண்டியதும் தண்ணீர், பெரும்பகுதி எத்தனாலையும் இழுத்துக்கொண்டு ஒரேயடியாக அடியில் இறங்கும். டேங்கில் 2 லிட்டர்தான் இருக்கிறது என்றால் ஒரு டீ கிளாஸில் பாதித் தண்ணீரே இதற்குப் போதும். குளிர்ந்தால் எல்லை இன்னும் சுருங்கும். அதனால்தான் மாலையில் நன்றாக ஓடிய வண்டி விடியற்காலையில் மக்கர் செய்கிறது. இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது டேங்கின் அடியிலிருந்து. அங்கே நிற்பது தண்ணீர் கலந்த சாராயம், அது எரியாது. மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன், அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் தரம், குறைந்தது.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். டேங்கின் மேல்புறத்தோடு சமமாகப் பதிந்த மூடி உள்ள பைக்குகளில், மூடியைத் திறந்தால் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளமும் அதில் நெல்மணி நுழையும் அளவில் ஒரு துளையும் தெரியும். மழைநீர் அந்தத் துளை வழியாக ஒரு சிறு குழாயில் இறங்கி வண்டியின் அடியில் சொட்ட வேண்டும். வைக்கோல் தூசியும் மண்ணும் அதில் அடைத்துக்கொண்டால் பள்ளம் குளமாகி, தேய்ந்த ரப்பர் வழியே தண்ணீர் உள்ளே கசியும். மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி அது கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. மூடி ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். வாட்டர் வாஷில் மூடிமேல் நேராகப் பிரஷர் அடிக்க விடாதீர்கள். இரவில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டால் பாதிக் கவலை தீரும். அடைமழைக்குப் பிறகு முற்றமே தண்ணீராக நிற்கும் பங்க்கில் அன்றைக்கு நிரப்ப வேண்டாம்.

கோளாறு வந்துவிட்டால் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பைக்கில் பெட்ரோல் டேப்பிலிருந்து டியூபைக் கழற்றி, கால் லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஸ்கூட்டரானால் மெக்கானிக்கைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். திறந்தவெளியில், இன்ஜின் ஆறிய பின் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி நெருப்புகூட ஆகாது. இரண்டு அடுக்காகப் பிரிந்தால் முழு டேங்கையும் வடித்தே ஆக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முயன்றால் அடியில் நிற்பது அடியிலேயே நிற்கும், டேங்கும் உள்ளே துருப்பிடிக்கும். வடித்து, டேங்கை உலரவிட்டு, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் பௌலையும் கழுவி, பிறகு நிரப்புங்கள். அடுக்கு பிரியவில்லை என்றால் கோளாறு வேறு. பிளக் மூடியில் ஈரம், ஒயரிங் என்று தேடச் சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகர்: கார்புரேட்டர் பைக் இரண்டு, பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்றையும் விற்க மனமில்லை. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

விற்க வேண்டியதில்லை. எத்தனால் இரண்டு விதமாக வேலை காட்டும். சாதாரண நைட்ரைல் ரப்பரையும் கார்க் வாஷரையும் ஊதவைத்து, பிறகு வெடிக்கவைக்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினையும் துருவையும் கரைத்துக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து அடைக்கும். முதலாவது மெதுவாக வரும், இரண்டாவது முதல் சில டேங்கிலேயே வந்துவிடும்.

பெட்ரோல் டியூபிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் பலரும் போடுவது கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப். எத்தனால் அதிலுள்ள மென்மைப் பொருளை உறிஞ்சிவிடும். மஞ்சளாகி, மடக்கினால் குச்சிபோல் நிமிரும். டேப்பில் மாட்டிய நுனி தளர்ந்து, சூடான இன்ஜின்மேல் சொட்டும். வண்டி தீப்பிடிக்க இது ஒன்றே போதும். டியூபை விரல்களால் மடக்கிப் பாருங்கள். விறைப்பு, வெடிப்பு, பிசுபிசுப்பு, ஊதல், இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். இன்ஜெக்ஷன் உள்ள காருக்கு 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள், உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். பைக்குக்கும் அதே தரம் கிடைத்தால் நல்லது.

அடுத்து, பெட்ரோல் டேப்பின் உள்வாஷர், ஃப்ளோட் பௌலின் ஓ-ரிங், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை, சோக் பிளஞ்சர் ரப்பர். 'விட்டான்' ரப்பர் (அதுவும் ஃப்ளோரோ ரப்பர்தான்) என்று கேட்டு வாங்குங்கள். ஊசி முனை ஊதினால் பெட்ரோல் குறைந்து வண்டி இழுக்காது, தேய்ந்தால் ஓவர்ஃப்ளோ ஆகும். கார்புரேட்டர் காராக இருந்தால் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரமைக் கட்டாயம் பாருங்கள். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவுக்குச்சியில் மட்டம் கூடி, பெட்ரோல் வாசனை அடித்தால் வண்டியைக் கிளப்பவே கூடாது.

புது ஃபில்டர் போட்டு 500 கிலோமீட்டரில் கழற்றிப் பாருங்கள். துருத்தூள் நிறைய வந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். உள்ளே எபாக்சி பூசித் தருவதாகச் சொன்னால், எத்தனாலைத் தாங்கும் பூச்சா என்று கேளுங்கள். தாங்காத பூச்சு உரிந்து ஜெட்டை அடைக்கும்.

இனி ஜெட். பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு 13.5 கிலோ அளவு போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழையபடியே காற்றை விடும். கலவை மெலிந்துவிடும். பிளக்கின் பீங்கான் வெள்ளையாக இருப்பது, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஒரு நொடி தடுமாறுவது, சைலன்சர் பக்கம் சூடு கூடுவது ஆகியவை அடையாளம். பிளக் வெளிர்பழுப்பாக இருந்தால் எதையும் தொட வேண்டாம். வெள்ளையாக இருந்தால் முதலில் ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று மாற்றுங்கள். திசையில் பலர் தவறு செய்கிறார்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருக வேண்டும், இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே. ஜெட் ஊசியில் (ஃப்ளோட் ஊசி அல்ல) கிளிப் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், ஊசி உயரும். அப்போதும் வேகத்தில் வெள்ளை மாறாவிட்டால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அதன்பின் அளவு யாருக்கும் தெரியாது.

ஒரத்தநாடு வாசகர்: மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மிஷின், 2டி ஆயில் ஊற்றி ஓட்டும் பழைய மொபெட், மூன்றும் இருக்கின்றன. ஸ்பிரேயர் ஒவ்வொரு சம்பாவுக்கும் எடுக்கும்போது கிளம்ப மறுக்கிறது.

வயல் மிஷின்களுக்குத்தான் இந்தப் பெட்ரோல் அதிகக் கெடுதல் செய்கிறது, அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பைக் தினமும் ஓடுகிறது, பெட்ரோல் பழசாவதில்லை. ஸ்பிரேயர் வருடத்தில் சில நாள் ஓடிவிட்டு மீதிக் காலம் கொட்டகையில் கிடக்கிறது. அதன் குட்டி கார்புரேட்டருக்குள் தபால்தலை அளவு மெல்லிய டயாஃப்ரம் இருக்கிறது. பெட்ரோலில் ஊறியபடியே காய்ந்தால் அது வறட்டுத்தாள்போல் விறைத்துவிடும். பிறகு எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. இப்படிப்பட்ட சிறு இன்ஜின்கள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சவரம்பு இ10. கையேட்டில் பாருங்கள்.

மருந்தடிப்பு முடிந்த அன்றே டேங்கை வடித்துவிட்டு, மிஷினைக் கிளப்பி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிரைமர் பல்ப் இருந்தால் நாலைந்து முறை அமுக்கி மிச்சத்தையும் வெளியேற்றி, இன்னொரு முறை கிளப்பிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பிளக்கை மாட்டி வையுங்கள். இப்போது விறைத்துக் கிடப்பதற்கு கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் வாங்கி மாற்றினால் போதும், முழுக் கார்புரேட்டர் தேவைப்படாது.

ஆயில் கலவையில் உயிர்நாடியான செய்தி ஒன்று. 2டி ஆயில் பெட்ரோலில் கரையும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த அடியடுக்கில் கரையாது. கலந்து வைத்த கேனில் தண்ணீர் இறங்கிப் பிரிந்தால், அடியிலிருந்து இன்ஜினுக்குப் போவதில் ஆயிலே இருக்காது. பிஸ்டன் ஜாம் ஆகும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஊற்றும் முன் கேனை நன்றாகக் குலுக்குங்கள். கலவை மெலிந்து சூடு கூடும் இந்தப் பெட்ரோலில் "ஆயிலைக் கொஞ்சம் குறைத்தால் புகை வராது" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். மொபெட்டுக்கும் இதுவே விதி.

கூத்தாநல்லூர் வாசகி: மகன் வளைகுடாவில் இருக்கிறான். பத்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். அவன் பைக்கை எப்படி வைப்பது?

பத்து மாதம் என்றால் காலி டேங்க்தான் சரி. வடித்து, கார்புரேட்டர் பௌலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து அதையும் காலியாக்கி, டேங்க் உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பூசினால் துரு பிடிக்காது. மகன் வந்ததும் ஒரு லிட்டர் பெட்ரோலால் அலசி வடித்துவிட்டு நிரப்பலாம். இன்ஜெக்ஷன் வண்டியானால் டேங்குக்குள் பம்ப் இருக்கிறது. அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, மாதத்துக்குள் பெட்ரோலைத் தீர்த்துப் புதிதாகப் போடுவது நல்லது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது போதாது, ஆயிலில் ஈரம்தான் சேரும். இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால் நேர்மாறாக, டேங்கை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

கும்பகோணம் வாசகர்: 2021 மாடல் பிஎஸ்6 ஸ்கூட்டர். "எத்தனால் பாதிப்பை நீக்கும்" என்று ஒரு பாட்டில் மருந்து விற்கிறார்கள். ஊற்றலாமா?

வேண்டாம். பிரிந்த தண்ணீரை எந்த மருந்தும் மறைய வைக்காது. அவற்றில் சிலவற்றில் இருப்பதே இன்னொரு ஆல்கஹால். உங்கள் ஸ்கூட்டரில் இன்ஜெக்ஷன் இருக்கிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிவதைப் பார்த்து, பெட்ரோலைத் தானே கூட்டிக்கொள்ளும். இ20-க்கு வேண்டிய கூடுதல் அதன் எல்லைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பாட்டில் காசுக்கு ஆயிலையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்றுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: இன்ஜின் கெட்டால் வாரண்டியும் இன்ஷூரன்ஸும் கிடைக்காது என்கிறார்களே?

2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. மூடியருகே ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். அதற்கு முந்திய வண்டியின் கையேட்டில் இ10 என்று மட்டும் இருந்தால், தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். ஷோரூமில் வாயால் சொல்வது பின்னால் நிற்காது. இ20-ஆல் இன்ஷூரன்ஸ் பாதிக்காது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்றும் அதே விளக்கம் சொன்னது. அந்தச் செலவு உங்களுடையது. சாதாரண வாகன பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் எப்போதுமே ஏற்பதில்லை, அது எத்தனால் வந்ததால் மாறியதல்ல.

குருங்குளம் பகுதிக் கரும்பு விவசாயி: எங்கள் கரும்பிலிருந்துதானே எத்தனால்? அப்படியானால் பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை?

கரும்பு மட்டுமல்ல, மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் இதில் போகின்றன. ஒரு டன் கரும்பை நேராகச் சாறாக்கினால் 70 லிட்டர், ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர், உடைந்த அரிசியில் 450 லிட்டர் அளவில் எத்தனால் கிடைக்கும். 2024-25 பருவத்தில் எண்ணெய் நிறுவனங்கள் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கடைசிக் கழிவுப்பாகு எத்தனாலுக்கு லிட்டருக்கு 57.97 ரூபாயும், மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86 ரூபாயும் கொடுத்தன. போக்குவரத்தும் வரியும் சேர்த்தால், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட எத்தனால்தான் கூடுதல் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. பிறகு விலை எங்கே குறையும்?

ஆனால் 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை, சக்தி குறைவதை ஈடுகட்டும்படி இந்தப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் மைலேஜையும் இழந்து ரப்பர் செலவையும் ஏற்கிறார். அவருக்கு விலையில் தள்ளுபடியாவது இ10 வாங்கும் வாய்ப்பாவது தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே அறிக்கை, கரும்புவழி ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிடுகிறது. மேட்டூர் திறக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கும் நம் பகுதி இந்தக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பிரேசில் இதைவிட அதிகம் கலக்கிறதே என்பார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே 30 சதவீதம், உண்மைதான். அங்கே வண்டிகளே பல்லாண்டுகளாக அதற்கென்று செய்யப்படுகின்றன.

பட்டுக்கோட்டை வாசகர்: டிராக்டருக்கும் டீசல் இன்ஜினுக்கும் பயப்பட வேண்டுமா? பிரீமியம் பெட்ரோல் போட்டால் எத்தனால் இருக்காதா?

டீசலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பங்க் டீசலில் எத்தனால் கலப்பதில்லை. பிரீமியம் என்ற பெயர் ஆக்டேனையும் கழுவும் மருந்தையும் குறிக்கிறது, எத்தனால் இல்லை என்பதை அல்ல. சொல்லப்போனால் எத்தனாலும் ஆக்டேனைக் கூட்டும். 100 சிசி பைக்குக்கு அந்தக் கூடுதல் விலை வீண். இ100 (ஏறக்குறைய முழுக்க எத்தனால்) என்று தனியாக விற்கும் பம்ப்பைக் கண்டால், ஃப்ளெக்ஸ் ஃபியூயல் (எத்தனால் எவ்வளவு கலந்தாலும் ஓடுவது) என்று எழுதாத எந்த வண்டிக்கும் அதைப் போடாதீர்கள்.